ரொட்டிக்கு ஏன் இந்த மரியாதை?

நம் வீடுகளில் ரொட்டிக்குக் கிடைத்திருக்கிற மரியாதை வேறு எந்தத் தின்பண்டத்துக்கும் கிடைத்ததில்லை. நான் சொல்வது சப்பாத்தியை அல்ல. கேழ்வரகு ரொட்டியையும் அல்ல. பேக்கரியில் துண்டு போட்டு, மினுமினுக்கிற உறையில் சுற்றி விற்கிறார்களே, அந்த வெள்ளை ரொட்டியைத்தான். ஜுரம் வந்தால் ரொட்டி. வயிறு மந்தமென்றால் ரொட்டி. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போனால், ஆரஞ்சுப் பழத்தோடு கூட ஒரு ரொட்டி. "லேசாக ஏதாவது சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள், வீட்டில் யாராவது ஒருவர் செருப்பை மாட்டிக் கொண்டு பேக்கரிக்குக் கிளம்பி விடுகிறார்.

வேர்க்கடலையின் கதியைப் பாருங்கள். கடற்கரை மணலிலே, காகிதப் பொட்டலத்திலே, கை தட்டி எழுந்திருக்கும்போது தோலை ஊதிவிட்டு மறந்துவிடுகிற பண்டம் அது. ரயிலில் தின்னலாம், சினிமாக் கொட்டகையில் தின்னலாம், வீட்டுக்கு வந்த சம்பந்திக்குத் தட்டில் வைத்து நீட்ட முடியுமா? முந்திரிப் பருப்பை நீட்டலாம். பாதாமை நீட்டினால் இன்னும் கௌரவம். வேர்க்கடலையை நீட்டினால் அந்தச் சம்பந்தம் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்பது என் கட்சி. வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. மாலை நாலு மணிப் பசிக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி, இன்று நம் மத்தியதரக் குடும்பங்களில் பாதிப் பேருடைய உடம்பைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. "ராத்திரியில் சாதத்தைத் தொடுவதே இல்லை, சார்! நாலே நாலு ரொட்டித் துண்டு, ஒரு தம்ளர் பால். அவ்வளவுதான்!" என்று வாக்கிங் போகிறபோதெல்லாம் என்னிடம் சொல்லுவார். சொல்லுகிற குரலில் ஏகாதசி உபவாசம் இருந்தவருடைய பெருமிதம் இருக்கும். ஆனால் மாதா மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரும்போது முகம் தொங்கிவிடும். "ஒன்றுமே சாப்பிடாமல் எப்படி ஏறுகிறது?" என்பார்.

ஒன்றுமே சாப்பிடவில்லையா? நாலு துண்டு வெள்ளை ரொட்டியில் உள்ள மாவுச்சத்து ஏறக்குறைய 55 கிராம். 200 கிராம் சோற்றில் இருப்பதும் அதுதான். தின்ற பண்டம் எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குளுகோஸுக்கு 100 என்று வைத்தால், வெள்ளை ரொட்டிக்கு 75; வெள்ளைச் சோற்றுக்கு 73. வேர்க்கடலை இருபதைக்கூடத் தொடுவதில்லை. கணக்கில் புலியான நண்பர், சோற்றை வாசல் வழியாகத் துரத்திவிட்டு அதையே கொல்லைப்புறமாக, சதுரமாக வெட்டி, உள்ளே அழைத்துக் கொண்டிருக்கிறார். அவர் ஒருவரா இப்படி? 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, இந்த நாட்டில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல். இவர்களில் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் அந்த மினுமினுத்த உறை இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

ரொட்டி லேசானது என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? தொட்டால் அமுங்குகிறது, தூக்கினால் கனமில்லை, ஆகையால் வயிற்றுக்கும் கனமில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். பஞ்சு போல் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிற காற்று. காற்றை விலை கொடுத்து வாங்கி, அதையே பத்தியம் என்கிறோம்! அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில், 1965-ல், மத்திய சர்க்காரே மாடர்ன் பேக்கரீஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்துப் பெரிய நகரங்களில் ரொட்டி சுடத் தொடங்கியது. 2000-ல் அதைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். சர்க்கார் போய்விட்டது, சர்க்கார் கொடுத்த யோக்கியதாபத்திரம் மட்டும் ரொட்டியின் நெற்றியில் ஒட்டிக் கொண்டுவிட்டது. 2016-ல் டில்லியில் ஒரு சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தார் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, அவற்றில் நூற்றுக்கு 84-ல் மாவை உப்ப வைப்பதற்குச் சேர்க்கிற ரசாயன உப்புகள் இருப்பதாகச் சொன்னார்கள். அவற்றில் பொட்டாசியம் புரோமேட் என்பதை அந்த வருஷமே தடை செய்தார்கள். அந்த ஒரு வாரம் ரொட்டி விற்பனை கொஞ்சம் படுத்திருக்கலாம். பிறகு பழையபடி ஜுரம் வந்தால் ரொட்டிதான்.

இனி எதிர்க்கட்சியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். அதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை.

1995-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னி சர்வகலாசாலையில், சூஸன்னா ஹோல்ட் என்ற அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு வேடிக்கையான சோதனை நடத்தினார்கள். 38 பண்டங்களை எடுத்துக் கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் 240 கலோரி வரும்படி அளந்து, பதினொன்று முதல் பதின்மூன்று பேர் வரை உட்கார வைத்துக் கொடுத்தார்கள். கால் மணிக்கு ஒரு தடவை, "வயிறு எப்படி இருக்கிறது?" என்று இரண்டு மணி நேரம் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். பிறகு அவர்களுக்கு இஷ்டமானதைச் சாப்பிடவிட்டு, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்றும் பார்த்தார்கள். வெள்ளை ரொட்டியின் நிறைவுக்கு 100 மார்க் என்று வைத்துக் கொண்டு மற்றவற்றுக்கு மார்க் போட்டார்கள். வேர்க்கடலைக்குக் கிடைத்தது 84!

"ஆகா, தோற்றீரா?" என்று ரொட்டிக் கட்சியார் துள்ளுவது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். 240 கலோரி வேர்க்கடலை என்பது எவ்வளவு தெரியுமா? சுமார் 42 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். 240 கலோரி ரொட்டி என்றால் 90 கிராம்; மூன்று துண்டுக்கு மேல். ஒரு பிடி கடலை, ஒரு தட்டு ரொட்டியோடு மல்லுக்கு நின்று, ஆறில் ஐந்து பங்கு வேலையைச் செய்துவிட்டது. இதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தவிரவும், வெறும் ரொட்டியை யார் தின்கிறார்கள்? சிட்னியில் தின்றிருக்கலாம். நம் வீட்டில் ஒரு பக்கம் வெண்ணெய், ஒரு பக்கம் ஜாம், அதுவும் போதாமல் காப்பியில் முக்கல். அந்தக் கலோரியை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே பட்டியலில் இன்னும் சில சங்கதிகள் இருக்கின்றன. தவிட்டோடு அரைத்த முழுக் கோதுமை ரொட்டிக்கு 157. ஆகவே கோதுமையோடு எனக்குச் சண்டை இல்லை. அதைச் சலித்து வெளுத்த மைதாவோடுதான். ஆனால் கடையில் பழுப்பு ரொட்டி வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உறையின் பின்னால் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பலவற்றில் முதல் பெயர் மைதாவாகவே இருக்கும். பழுப்பு நிறம், கருக்கிய சர்க்கரையின் உபயம். வெண்ணெய் போட்டு அடுக்கடுக்காகச் சுடுகிற பிரெஞ்சுக்காரர்களின் குரோஸான் ரொட்டிக்கு 47, பட்டியலில் கடைசி. முதல் மார்க் வாங்கியது யார் என்று கேட்டால் இரண்டு கட்சியாரும் தலை குனிய வேண்டும். வெறுமனே வேகவைத்த உருளைக்கிழங்கு, 323!

சரி, கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய் ஆயிற்றே, உடம்பு பருக்காதா என்ற கேள்வி இருக்கிறது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் 2012-ல் அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தது. அவர்கள் சோதித்தது பாதாமை. 28 கிராம் பாதாமில் 170 கலோரி இருப்பதாகச் சீட்டில் போட்டிருந்தது. தின்றவர்களின் உடம்பில் சேர்ந்ததோ 129 தான். மிச்சம் எங்கே போயிற்று? பருப்பின் எண்ணெய் நுண்ணிய அறைகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பல்லுக்கு அகப்படாத அறைகள் திறக்காமலே வெளியேறிவிடுகின்றன. அதே பாதாமை வெண்ணெய் போல் அரைத்துக் கொடுத்தபோது இந்த லாபம் கிடைக்கவில்லை. அதாவது, பல் செய்ய வேண்டிய வேலையைப் பல்லுக்கே விட்டுவிட வேண்டும். கடலையை மெல்லத்தான் முடியும், விழுங்க முடியாது. ரொட்டியையோ, பேசிக் கொண்டே, பத்திரிகை படித்துக் கொண்டே, தின்றோம் என்ற ஞாபகமே இல்லாமல் உள்ளே தள்ளிவிடலாம்.

பாதாம் என்றதும் நம்மவர்களில் சிலருக்கு முகம் மலரும். காலையில் எழுந்ததும் ஊறவைத்த பாதாம் ஐந்து என்பது இப்போது ஒரு நித்திய கர்மானுஷ்டானம் ஆகிவிட்டது. தின்னட்டும், கெடுதலில்லை. நார்ச்சத்து அதில் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 100 கிராம் பாதாமில் புரதம் 21 கிராம். வேர்க்கடலையில் 25 கிராம். பாதாம் வாங்குகிற காசுக்கு நாலைந்து மடங்கு கடலை வாங்கலாம். தாவர சாஸ்திரிகள் வேர்க்கடலை கொட்டை இனமே அல்ல, அவரைக் குடும்பம் என்பார்கள். இருக்கட்டுமே! பஞ்சத்தில் அடிபட்டு எலும்பும் தோலுமான குழந்தைகளைத் தேற்றுவதற்கு 1996-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பசையைக் கண்டுபிடித்தார்கள். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. அதன் அஸ்திவாரம் வேர்க்கடலைதான். பாதாமும் இல்லை, ரொட்டியும் இல்லை.

அப்படியென்றால் வரம்பில்லாமல் தின்னலாமா என்றால், அதற்கும் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை என்று காலம் தள்ளியவர். 1918-ல் கேடா ஜில்லாவில் ஊர் ஊராக அலைந்தபோது அவருடைய முக்கிய ஆகாரம் வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். அளவு மீறியதில் சீதபேதி கண்டு படுத்த படுக்கையானதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி என்பதே என் அளவு. முப்பது கிராமுக்குச் சற்று முன்னே பின்னே இருக்கலாம்.

பித்தம் என்கிற பாட்டிமார்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பூஞ்சணம் பிடித்த கடலையைப் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே ஒப்புக் கொள்கிறேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணத்தின் விஷம் இருந்தது பிறகு தெரிந்தது. ஆகையால் சுருங்கியது, கறுத்தது, வாயில் போட்டதும் கசப்பது எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். சிலருக்குக் கடலை அறவே ஒத்துக் கொள்ளாது; உதடு வீங்கும், மூச்சு முட்டும். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்ததோடு நிறுத்திக் கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் வறுத்த கடலையைவிட அவித்த கடலைக்கு வருவது உத்தமம். தென்னாற்காட்டுப் பக்கத்தில் மல்லாக்கொட்டை அறுவடையாகிற நாட்களில், மண் வாசனை போகாத காயைத் தோலோடு உப்புப் போட்டு அவித்துக் கூடையில் கொண்டுவருவார்கள். தண்ணீரை இழுத்துக் கொள்வதால், 100 கிராம் வறுத்த கடலையில் 570, 580 என்று நிற்கிற கலோரி, அவித்ததில் 320-க்கு இறங்கிவிடுகிறது. அதே கலோரிக்கு இரண்டு பங்கு வயிற்றை அடைக்கலாம். பச்சைக் காய் கிடைக்காத காலத்தில் காய்ந்த பருப்பை ராத்திரியே ஊறப் போட்டுக் குக்கரில் வைத்தால் போதும். தோலோடு அவித்ததில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒவ்வொன்றாக உரித்துத்தான் தின்ன வேண்டும். ஒரு கைப்பிடி தீர்வதற்குக் கால் மணி ஆகிறது. காப்பியில் நனைத்த ரொட்டித் துண்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எங்கள் வீட்டுக் கடியாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.