ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாத நோய்

மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்கு வரும் பஸ், ஒத்தக்கடையைத் தாண்டியதும் உலகநேரியில் உயர் நீதிமன்றக் கிளையின் வாசலைக் கடக்கிறது. 2004 ஜூலை 24 அன்று இந்தக் கிளை திறக்கப்படும்வரை, கொலை வழக்கில் தண்டனை பெற்றவரின் குடும்பம் அப்பீலுக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. தூரம் குறைந்துவிட்டது. ஆனால் மனநோயாளி ஒருவர் அரிவாளைத் தூக்கி எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வெட்டிவிட்ட வழக்கு இந்த வாசலுக்கு வரும்போது, வழக்குக் கட்டில் இருக்க வேண்டிய முக்கியமான காகிதம் பல நேரம் இருப்பதில்லை.

சட்டம் கேட்பது ஒரே கேள்விதான். அந்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்பதோ, அது தவறு என்பதோ அவருக்குத் தெரிந்திருந்ததா? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு இதைத்தான் கேட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவும் இதையே கேட்கிறது. பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரை 1843இல் சுட்டுக்கொன்ற டேனியல் மெக்நாட்டனின் வழக்கில் பிறந்த விதி இது. பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது மட்டும் இங்கே போதாது. வெட்டிய பிறகு ஓடி ஒளிந்தாரா, அரிவாளைக் கழுவினாரா, அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964இல் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த அளவுக்காவது காட்ட எதை வைத்துக் காட்டுவது? நம் பக்கத்துக் கிராமங்களில் மனசு பேதலித்தவரை முதலில் அழைத்துப் போவது ஏர்வாடி தர்காவுக்கு, அல்லது குணசீலம் கோயிலுக்கு. கயிறு கட்டுவார்கள், காத்துக் கருப்பு என்பார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தபோதுதான் நாடே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. வியாதி பல வருஷம் இருந்திருக்கும், ஊருக்கே தெரிந்திருக்கும். கோர்ட்டில் தாய் கூண்டேறி, "ராத்திரி பூரா தூங்காமத் தனியாப் பேசிக்கிட்டே இருப்பான்யா" என்பார். அரசு வக்கீல் ஒன்றே ஒன்று கேட்பார்: "ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?"

அதோடு முடிந்தது.

இப்படி முடியக் கூடாது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் வார்த்தையே இருக்கிறது. முன்பே மனநோய் இருந்தது என்று விசாரணையில் தெரியவந்தால், அவரை உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி அந்த அறிக்கையை நீதிமன்றத்தில் வைப்பது நேர்மையான புலனாய்வு அதிகாரியின் கடமை என்று 2007இல் பாபு வழக்கு சொன்னது. மகாராஷ்டிரத்தின் தேவிதாஸ் ராத்தோட் வழக்கில் அரிவாள் வெட்டில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். கொலை, ஆயுதத்தால் காயப்படுத்தல் என இரண்டு குற்றங்களிலும் கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தண்டித்தன. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனநோய் பற்றிய ஆதாரத்தை அரசுத் தரப்பே மறைத்துவிட்டது என்று கண்டித்தது. மறைக்க முடிந்தது என்றால், அங்கே ஆதாரம் என்று ஒன்று இருந்தது. மேலூர்ப் பக்கத்துத் தாய்க்கு அதுவும் இல்லை.

ஆகவே அப்பீலின் தலையெழுத்து கைதான முதல் வாரத்திலேயே எழுதப்படுகிறது. ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது உடம்பில் காயம் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்கிறார். தூக்கம் உண்டா, காதில் குரல் கேட்கிறதா, முன்பு எங்காவது வைத்தியம் பார்த்ததுண்டா என்றும் கேட்டு எழுதிவைத்தால் ஐந்து நிமிடம் ஆகும். சந்தேகம் வந்தால் ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். ஏழு வருஷம் கழித்து எந்த டாக்டரை அழைத்தாலும் அந்த வாரத்து மனநிலையை அவரால் சொல்ல முடியாது.

"பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுக்குவானே" என்ற கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோரை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக்கொன்ற மேலவளவு வழக்கில், ஆயுள் தண்டனைக் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் முன்விடுதலை ஆனதைப் பார்த்த வட்டாரம் இது. ஆனால் மனநோய் காரணமாக விடுதலையானவர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அவரைப் பாதுகாப்பான காவலிலோ, பொறுப்பேற்கும் உறவினரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்தை. அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, விசாரணையே இல்லாமல் 54 வருஷம் அடைபட்டுக் கிடந்து 2005இல்தான் வெளியே வந்தார்.

குற்றத் தீர்ப்பு நிலைத்தாலும் தண்டனையின் அளவைப் பற்றி வாதாட இடமுண்டு. ஒரே வெறியில் மூன்று பேரை வெட்டினால் மூன்று குற்றச்சாட்டு, மூன்று தண்டனை. அவை ஏககாலத்தில் ஓடுமா, ஒன்றன்பின் ஒன்றாகவா? தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில், ஆயுள் என்பதே மிச்சமுள்ள வாழ்நாள் முழுவதும்தான், ஒன்று முடிந்து இன்னொரு ஆயுள் தொடங்க முடியாது என்று 2016 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. ஆண்டுக் கணக்குத் தண்டனைகளை மட்டும் இன்னும் அடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, குற்றங்களின் கடுமையைப் பார்த்து எந்த வழி என்று நீதிமன்றத்தையே சொல்லச் சொல்கிறது. அந்தத் தராசில் நோயையும் வைக்கச் சொல்லி வக்கீல்கள் கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு 2019 ஏப்ரல் தீர்ப்பு சாட்சி. இரண்டு சிறுமிகளைச் சீரழித்துக் கொன்றவரின் தூக்கை, தண்டனைக்குப் பிறகு முற்றிய மனநோயைக் காரணம் காட்டி, சாகும்வரை சிறையாக உச்ச நீதிமன்றம் மாற்றியது. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை. 'எக்ஸ்' என்றே குறிப்பிட்டார்கள். கடல் தாண்டினால் கதை வேறு. ஐக்யூ 69 என்று அளக்கப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தை, 42.72 கிராம் ஹெராயின் கடத்திய வழக்கில், அப்பீல்கள் அத்தனையும் தோற்ற பிறகு 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூர் தூக்கிலிட்டது.

மேல போனால் தண்டனை கூடிவிடும் என்று பயந்தே அப்பீல் போடாத குடும்பங்கள் உண்டு. தண்டிக்கப்பட்டவர் மட்டும் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை. செஷன்ஸ் தீர்ப்பிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் அவகாசம். காசில்லாதவர் ஜெயில் அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம். கிளையிலுள்ள சட்டப் பணிகள் குழு வக்கீலைத் தரும். விடுபட்ட மருத்துவ ஆதாரம் எங்காவது கிடைத்தால், அப்பீல் கோர்ட் கூடுதல் சாட்சியமாக அதை ஏற்கவும் வழியுண்டு. கூண்டேறிய அந்தத் தாயிடம் இதில் ஒன்றையாவது யாராவது சொல்லியிருப்பார்களா?