பூட்டுச் செய்தவன் மீது திருட்டுக் குற்றமா?

மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நாம். விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் அன்று மணியார்டர் எழுதிய கைகள் இன்று கைப்பேசியைத் தட்டி அனுப்புகின்றன. ஆகவே, பணத்தைக் கொண்டு சேர்ப்பவர் யார், அவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பது பணக்காரர் விவகாரம் மட்டுமல்ல, நம் விவகாரமும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு வேலை செய்தும் மூட்டை தூக்கியும் தில்லியில் நாம் படிக்க வைத்த பிள்ளைகளில் சிலர் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். நாளை அவர்கள் பிளாக்செயின் மென்பொருளும் எழுதுவார்கள். பிளாக்செயின் என்பது தனியொருவர் கையில் இல்லாமல், பல கணினிகளில் ஒரே சமயத்தில் எழுதப்படும் கணக்கேடு. கிரிப்டோ நாணயங்கள் அதில்தான் கைமாறுகின்றன.

வெளிநாட்டில் நடந்ததைப் பாருங்கள். 'டொர்னாடோ கேஷ்' என்ற மென்பொருள், நாணயத்தை அனுப்பியவர் யார் என்பதை மறைக்கும். யாராலும் மாற்ற முடியாத அதன் பகுதிகள் எவருடைய சொத்தும் அல்ல என்று 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரோமன் ஸ்டார்ம், உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்தச் சதி செய்தார் என்று நியூயார்க் ஜூரிகள் முடிவு செய்தார்கள். மற்ற இரு குற்றச்சாட்டுகளில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அவருடைய கூட்டாளி அலெக்ஸி பெர்ட்செவுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024 மே மாதத்திலேயே 5 ஆண்டு 4 மாதச் சிறைத் தண்டனை விதித்திருந்தது.

இங்கே நிலைமை என்ன? 2023 மார்ச் 7 அன்று மத்திய நிதியமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிறருக்காகத் தொழில் முறையில் கிரிப்டோவை மாற்றிக் கொடுப்போர், அனுப்புவோர், காத்து வைப்போர் எல்லோரும் 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வரப்பட்டார்கள். அவர்கள் தில்லியிலுள்ள நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்க வேண்டும். சந்தேகமான வரவுசெலவைத் தெரிவிக்க வேண்டும். இதை நாம் வரவேற்கிறோம். 2024 ஜூலையில் 'வாசிர்எக்ஸ்' நிறுவனத்திலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போனபோது, வயிறெரிந்தவர்களில் சிறு சேமிப்பாளர்களும் இருந்தார்கள். ஊரார் பணத்தைக் கையில் வாங்குகிறவனுக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

ஆனால், யார் பணத்தையும் கையில் தொடாமல் மென்பொருளை மட்டும் எழுதிப் பொதுவில் வைக்கிறவன் கதி என்ன? அறிவிக்கை அவனைப் பெயர் சொல்லிச் சேர்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. சட்டத்தின் 3ஆம் பிரிவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுகிறவரையும் தெரிந்தே உதவுகிறவரையும் வளைத்துக்கொள்ளும் அகலம் கொண்டது. 45ஆம் பிரிவின்படி, குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் ஜாமீன். இப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் உறுதி செய்தது. இச்சட்டத்திலும் ஜாமீனே விதி, சிறை விதிவிலக்கு என்று அதே நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னதும் உண்மைதான். ஆனால் உச்ச நீதிமன்றப் படி ஏற வக்கீல் கட்டணத்துக்கு நம் வீட்டுத் தாய் எங்கே போவாள்? தீர்ப்பு வருமுன்பே மகனின் வேலையும் பெயரும் போய்விடுமே!

"திருடர்கள் அதைப் பயன்படுத்துகிறார்களே" என்பார்கள். உண்மை. வடகொரியக் கொள்ளையர்கள் டொர்னாடோ கேஷைப் பயன்படுத்தினார்கள் என்று அமெரிக்க அரசு சொன்னது. கொள்ளைப் பணம் என்று தெரிந்தே வழிவிட்டுப் பங்கு வாங்கியவனைத் தண்டிக்கட்டும். ஆனால் திண்டுக்கல் பூட்டுக்குள் திருட்டு நகை இருந்தால், பூட்டுப் பட்டறைக்காரரையா விலங்கிட்டு இழுத்துச் செல்வோம்?

நாம் கேட்பது இதுதான். பிறர் பணத்தைக் கையில் வைக்காத, அதைத் தடுக்கவோ திருப்பவோ அதிகாரம் இல்லாத மென்பொருள் எழுத்தாளர், பணம் அனுப்பும் தொழில் செய்பவர் அல்ல என்று சட்டத்திலேயே எழுதுங்கள். தெரிந்தே உதவினார் என்பதற்கு முதல்நோக்கிலேயே சான்று இல்லாமல் கைது செய்யாதீர்கள்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கமிஷனுக்காக உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். ஊரார் பணம் உங்கள் கை வழியே போனால், "நான் வெறும் மென்பொருள்காரன்" என்ற வாதம் எடுபடாது. அப்படிச் செய்தவருக்காக நாமும் வாதாட மாட்டோம். குற்றமற்ற உழைப்பாளிக்காகத்தான் நாம் குரல் கொடுக்கிறோம், கொடுத்துக்கொண்டே இருப்போம்.