ஈக்குவலைசரை ஏற்றாதீர்கள், இறக்குங்கள்!

புது கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு கேட்க உட்கார்ந்ததும் முதலில் செய்வது, ஈக்குவலைசரைத் திறந்து இரு ஓரங்களையும் ஏற்றி நடுவை இறக்குவதுதான். நானும் அப்படித்தான். இளம்பிள்ளையில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறி. அந்தச் சத்தத்தை மீற வேண்டுமே! 1982-ல் வந்த 'இளைய நிலா' போட்டேன். கிடாருக்காகவே கேட்க வேண்டிய பாட்டு.

"திம்திம்னு அதிருது. வார்த்தையும் கிடாரும் எங்கடா?" என்றார் அப்பா. முப்பது வருடம் தறி ஓட்டியவர்.

கிடாரும் குரலும் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. அதைத்தான் நான் இறக்கியிருந்தேன். கிடார் ஆம்ப்ளிஃபயரிலும் இதே கதை. பழைய ஃபெண்டர், மார்ஷல் வகைகளில் பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள் எதையும் கூட்டுவதில்லை. எவ்வளவு குறைப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன. மூன்றையும் பாதியில் வைத்தாலும் நடுப்பகுதி குழிந்துதான் இருக்கும்.

கம்ப்யூட்டரில் கூட்ட முடியும். ஆனால் 12 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்குச் சுமார் 16 மடங்கு பவர் வேண்டும். சின்ன ஸ்பீக்கர் பாவம், கரகரக்கும்.

விஎல்சி பிளேயரில் கன்ட்ரோல், ஈ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஈக்குவலைசரை 'எனேபிள்' செய்து, 60, 170 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்களை இறக்குங்கள். பிறகு வால்யூமைக் கூட்டுங்கள். அப்பாவுக்காக 3 கிலோஹெர்ட்ஸை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். வார்த்தை கொஞ்சம் தெளிந்தது.

கொஞ்சம்தான். ஓயாத இரைச்சல் காதில் முதலில் கெடுப்பது 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் பகுதியை. போனதை எந்த ஸ்லைடரும் திருப்பித் தராது. இனியாவது தறியில் காதடைப்பான் போடுங்கள் என்றேன்.

"நூல் அறுந்தா எப்படிடா தெரியும்?" என்கிறார்.