காற்றைக் கேட்டுப் பலகை ஏறுங்கள்

மண்டபம் என்ற கடலோர ஊருக்கு இரண்டு கடல். தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் விரிகுடாவின் கரையோரம் குளம்போல் கிடக்கும். துடுப்புப் பலகைமேல் நின்று போக அருமையான நீர்தான். எனக்கு அச்சம் தருவதும் அந்த அமைதியே. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது; நிற்கும் உடலே பாயாகிவிடும். போகும்போது சுகம், திரும்பும்போதுதான் கரை எவ்வளவு தொலைவு என்று தெரியும். அப்போது உடனே மண்டியிட்டுத் துடுப்புப் போட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் துழாவ வேண்டும். பலகையை விட்டுவிட்டு நீந்தவே கூடாது. கணுக்கால் கயிறும் உயிர்காப்பு மிதவையும் இல்லாமல் எவருக்கும் பலகையை வாடகைக்குத் தரக் கூடாது என்பதை அரசு விதியாக்க வேண்டும். கைப்பேசிச் செயலி காட்டும் காற்று வேகத்தைப் பார்ப்பதோடு, கரையில் வலை சரிசெய்யும் மீனவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இறங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.