அளந்த கையும் அறுத்த கையும்

அந்நியக் கம்பெனிகள் கிராமத்து ஏழைக்கு ஏற்றபடி கருவிகளை மாற்றித் தருகின்றன என்று முதலாளிகளின் பத்திரிகைகள் புகழ்கின்றன. முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. பின்லாந்தின் நோக்கியா கம்பெனி 2003இல் 1100 என்ற செல்பேசியைக் கொண்டுவந்தது. தூசி புகாத பொத்தான்கள். வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். விளக்கில்லாத ஊருக்கென்று உச்சியில் ஒரு டார்ச். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. இரவில் மடை திருப்பப் போகிறவருக்கும், நாளை நடவு உண்டா என்று விசாரிக்கும் கூலிப் பெண்ணுக்கும் அது உதவிற்று. விஞ்ஞானத்தோடு நமக்கு விரோதமில்லை.

ஆனால், வாங்குகிறவர் கையை இவ்வளவு நுணுக்கமாக அளந்த கனவான்கள், செய்கிறவர் கையை என்ன செய்தார்கள்?

2005இல் தமிழக சர்க்கார் அக்கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் சிப்காட் நிலம் கொடுத்தது. விற்பனை வரியைத் திருப்பித் தரவும் சம்மதித்தது. மக்கள் பணம்தான்! 2006இல் ஆலை ஓடத் தொடங்கியது. மலிவு விலைச் செல்பேசிகள் கோடிக்கணக்கில் வெளிவந்தன. அவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். 2010இல் அவர்களில் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி மாண்டார்.

2014 ஏப்ரலில் நோக்கியா தன் செல்பேசி வியாபாரத்தை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. பிறகு ஆர்டரும் நின்றது. நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே 5,000க்கு மேற்பட்டோரிடம் ‘விருப்ப ஓய்வு’ என்று எழுதி வாங்கியாயிற்று. இருபத்தைந்து வயதில் ஓய்வாம்! யாருடைய விருப்பம்?

இந்தச் சொல்லில் ஒரு சூதும் உண்டு. ஆட்குறைப்பு என்றால், மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை கேட்கத் தொழில் தகராறு சட்டம் இடம் தந்தது. ‘விருப்பம்’ என்று கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உரிமை இல்லை. பின்னர் சால்காம்ப் என்ற கம்பெனி அதே ஆலையை வாங்கிச் சார்ஜர் செய்யத் தொடங்கியது. பழைய தொழிலாளியைக் கூப்பிட வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை.

நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே வேலைக்கும் உத்தரவாதம் எழுதப்பட வேண்டும். ஆலையை மூடினால் பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கை மாறினால் தொழிலாளியும் ஆலையோடு சேர்ந்தே மாற வேண்டும். கையெழுத்தாகும் முன்பே ஒப்பந்தங்களைச் சட்டசபையில் வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.