அந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிவிடு

ஹிப் ஹாப் கேட்கும் பெண்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல: “ஆல்பம் அட்டகாசம். அந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிவிடு.” சொல்பவர் நண்பராக இருப்பார், தம்பியாக இருப்பார், காதலராகவும் இருப்பார். அக்கறையோடுதான் சொல்கிறார். எந்த இடம் நம்மை உறுத்தும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர் போட்ட மதிப்பெண்ணில் அரை மார்க்கூடக் குறையவில்லை. பதினாறு பாட்டில் பதினைந்து தேறிவிட்டது, பத்துக்கு எட்டரை. மிச்சமிருக்கும் ஒன்று நம் தலையில் விழுகிறது. கைப்பேசியில் விரல் வைத்து அதைத் தள்ளிவிடும் வேலை பெண்ணுக்கு. தள்ளாமல் கேட்டுவிட்டு வாய் திறந்தால் ரசனை தெரியாதவள் என்ற பெயரும் அவளுக்குத்தான். இந்தக் கட்டுரையை அந்த வாக்கியத்துக்கு எதிராக எழுதுகிறேன்.

பாட்டுப் பாட்டாக எடுத்து அபிப்பிராயம் சொல்வதில் எனக்குப் புகார் இல்லை. புது ஆல்பம் வந்த இரவே உட்கார்ந்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் கேட்டு, பீட் எப்படி, விருந்தாளியாக வந்த ராப்பர் எப்படி, எதுகை எங்கே எதிர்பாராமல் வந்து விழுந்தது என்று குறித்துக்கொள்ளும் ரசிகர் நல்ல வாசகர். தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான காரியமும் அல்ல. பதிற்றுப்பத்தில் ஓர் அரசனுக்குப் பத்துப் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், துறை, வண்ணம், தூக்கு. பத்தின் முடிவில் பதிகம்: பாடியவர் யார், பாட்டுகளின் பெயர் என்ன, பெற்ற பரிசில் எவ்வளவு என்று. பாட்டுப் பாட்டாகப் பார்த்து யாரோ குறித்து வைத்ததால்தான் அந்த விவரம் நம் கைக்கு வந்திருக்கிறது.

ஹிப் ஹாப்பில் இந்த வேலையைப் பெண்களும் செய்திருக்கிறார்கள். 1988இல் தொடங்கிய ‘தி சோர்ஸ்’ இதழ் ஆல்பங்களுக்கு மைக் கணக்கில் மதிப்பெண் கொடுக்கும்; ஐந்து மைக் என்றால் உச்சம். 1994இல் நாஸின் ‘இல்மாட்டிக்’ ஆல்பத்துக்கு ஐந்து மைக் கொடுத்த மதிப்புரை இன்றுவரை பேசப்படுகிறது. அதை எழுதியவர் மின்யா ஓ என்ற இளம்பெண். அச்சில் வந்த பெயர் ‘ஷார்ட்டி’. பெண்ணைச் செல்லமாகவும் இளக்காரமாகவும் ஆண்கள் கூப்பிடும் சொல் அது. அதே இதழ் ஒரு பெண் ராப்பரின் ஆல்பத்துக்கு முதன்முதலாக ஐந்து மைக் கொடுத்தது 2005இல், லில் கிம்முக்கு. ஆணின் ஆல்பத்துக்கு முழு மதிப்பெண் போட்ட பெண், ஒரு பெண்ணின் ஆல்பத்துக்கு முழு மதிப்பெண் விழுவதைப் பார்க்கப் பதினோரு ஆண்டு ஆனது. கணக்கில் எதைச் சேர்க்கிறார்கள், எதைத் தாண்டுகிறார்கள் என்பதே கேள்வி.

நடந்த ஒரு கதையைத் தேதி வாரியாகப் பார்ப்போம். 2020 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் மெகன் தீ ஸ்டாலியன் காலில் சுடப்பட்டார். சுட்டவர் ராப்பர் டோரி லேனஸ் என்று ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொன்னார். செப்டம்பரில் டோரி லேனஸ் ‘டேஸ்டார்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அப்போது அவர்மீது குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. நீதிமன்றத்துக்கு முன்பே தன் தரப்பைப் பதினேழு பாட்டில் சொல்லிவிட்டார். நவம்பரில் மெகனின் ‘குட் நியூஸ்’ வந்தது. அதன் முதல் பாட்டு ‘ஷாட்ஸ் ஃபயர்ட்’ அவருடைய பதில். இரண்டு வாக்குமூலங்கள் ஆல்ப வடிவில் வந்தன. ரசிகர்கள் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டார்கள். யார் சுட்டது என்பதற்கும் யாருடைய குரல் இனிமையாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லாதபோது, யாருடைய பாட்டு நன்றாக இருக்கிறதோ அவர் பக்கம் உண்மை இருக்கும் என்பதுபோல ஒரு தராசு கையில் வந்தது.

2022 நவம்பரில், வழக்கு விசாரணை தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, டிரேக்கும் 21 சாவேஜும் சேர்ந்து ‘ஹெர் லாஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். பதினாறு பாட்டு. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேலான கணக்கோடு பில்போர்டு பட்டியலின் முதலிடம். அதில் ‘சர்க்கோ லோக்கோ’ என்றொரு பாட்டு. டாஃப்ட் பங்கின் ‘ஒன் மோர் டைம்’ இசையை எடுத்து அமைத்த பீட். காலை ஆட்டாமல் கேட்க முடியாது. அந்த ஆட்டத்துக்கு நடுவில், சுடப்பட்டதாகப் பொய் சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றிய அடி வருகிறது. மெகனின் மேடைப் பெயரில் உள்ள ‘ஸ்டாலியன்’ என்ற சொல்லும் அங்கேயே வருகிறது. உடனே வக்காலத்தும் வந்தது: அது துப்பாக்கியைப் பற்றியது அல்ல, ஆங்கிலத்தில் சூட்டைக் குறிக்கும் சொல்லே ஊசியையும் குறிக்கும், உடலைப் பெரிதாக்க ஊசி போட்டுக்கொண்டு இல்லை என்று சாதிக்கும் பெண்களைப் பற்றியது, வெறும் வார்த்தை விளையாட்டு.

இங்கே நான் என் தொழிலைச் செய்தாக வேண்டும். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்று வகுப்பில் நடத்துகிறோம். காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைத்தார். அதில் வாழைப்பழம் மட்டும்தான் இருக்கிறது, பாம்பு இல்லை என்று எழுதும் மாணவிக்கு மதிப்பெண் போட முடியாது. இரண்டு பொருளும் ஒருசேர நிற்பதுதான் சிலேடை. ஒன்றை எடுத்துவிட்டால் சிலேடையும் போய்விடும், புலவரின் திறமையும் போய்விடும். ஆகவே டிரேக்கின் ரசிகர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அடியில் இரு பொருள் இல்லை என்றால் அது சாதாரண அடி. அதைச் சாமர்த்தியம் என்று கொண்டாடக் கூடாது. இரு பொருள் இருக்கிறது என்றால் சுடப்பட்ட பெண்ணும் அதற்குள் இருக்கிறாள், தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பாராட்டு வாங்கும்போது இரு பொருள், கேள்வி கேட்டால் ஒரு பொருள் என்று மாற்றிக்கொள்ள இலக்கணம் இடம் கொடுக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர்கள் சொல்லும் அந்த இரண்டாவது பொருளும் ஒரு பெண்ணின் உடலைத்தான் ஏளனம் செய்கிறது. வக்காலத்தே இன்னொரு அவமதிப்பு.

2022 டிசம்பர் 23 அன்று நடுவர் குழு டோரி லேனஸைக் குற்றவாளி என்றது. மறு ஆண்டு ஆகஸ்டில் பத்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. ‘ஹெர் லாஸு’க்குப் போட்ட எட்டரைகளைத் திருத்தியவர்களை நான் பார்க்கவில்லை. அந்த ஒரு பாட்டைத் தாண்டினால் போதும் என்று முன்பே சொல்லிவிட்டார்களே.

தாண்டுவது எப்போதும் பெண்ணை வலியிலிருந்து காப்பதும் இல்லை. 2022 மே மாதம் வந்த கெண்ட்ரிக் லமாரின் ‘மிஸ்டர் மொரேல் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்’ ஆல்பத்தில் பதினெட்டுப் பாட்டு. ‘வி க்ரை டுகெதர்’ பாட்டில் அவரும் நடிகை டெய்லர் பெய்ஜும் கணவன் மனைவி சண்டைபோல வசை மாறி வசை பொழிகிறார்கள். ஒருமுறை கேட்டால் போதும், இனித் தாண்டிவிடலாம் என்று பலர் சொல்லும் பாட்டு இது. ஆனால் அந்த ஆல்பத்தில் ஒரு பெண் ஆணுக்குச் சமமாக எதிர்த்துப் பேசும் இடமும் இதுதான். அவள் குரலைத் தாண்டச் சொல்லும் அதே ரசிகர் ‘சைலன்ட் ஹில்’ பாட்டைத் தாண்டச் சொல்வதில்லை. அதில் விருந்தாளியாக வருபவர் கோடக் பிளாக். பதின்வயதுப் பெண்ணொருத்தி தொடுத்த பாலியல் வன்முறை வழக்கில், குறைக்கப்பட்ட தாக்குதல் குற்றத்தை 2021இல் ஒப்புக்கொண்டவர். அதே ஆல்பத்தின் ‘மதர் ஐ சோபர்’ பாட்டில், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பாலியல் வன்முறையின் வடுவைப் பற்றிக் கெண்ட்ரிக் பேசுகிறார். உருக்கமான பாட்டு, எனக்கும் தொண்டை அடைத்தது. தனித்தனியாக மதிப்பெண் போட்டால் ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்குப் பத்து. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு யார் மதிப்பெண் போடுவது? கெண்ட்ரிக் தெரிந்தேதான் அப்படி வைத்தார், மனிதர்கள் திருந்தலாம் என்று சொல்லவே வைத்தார் என்று வாதிடலாம். வாதிடட்டும். ஆனால் அந்த வாதத்தை நடத்தவே பாட்டுகளுக்கு நடுவில் உள்ளதைக் கேட்க வேண்டும். கூட்டல் கணக்கு அதைக் கேட்காது.

பெண்ணின் ஆல்பம் வந்தால் அளவுகோலே வேறு. யார் எழுதிக் கொடுத்தார், யாருடைய ஆதரவில் வந்தாள், என்ன உடுத்தியிருக்கிறாள், அசல் ராப் தெரியுமா? பதிற்றுப்பத்தில் இன்று கிடைக்கும் எட்டுப் பத்துகளைப் பாடிய புலவர்களில் பெண் ஒருவரே, காக்கைபாடினியார் நச்செள்ளையார். அவருக்கு அரசன் கொடுத்த பொன், நகை அணிந்துகொள்ள என்று பதிகம் சொல்கிறது; தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்றும் சொல்கிறது. கபிலருக்குக் கொடுத்த காணத்தை அவர் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று எந்தப் பதிகமும் சொல்லவில்லை. பாட்டைப் பற்றிப் பேச வந்தவர்கள் பெண்ணின் உடலுக்குத் தாவிவிடுவது அவ்வளவு பழைய வழக்கம்.

ராப்சடி 2019இல் வெளியிட்ட ‘ஈவ்’ ஆல்பத்தில் பதினாறு பாட்டு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பெண்ணின் பெயர். நினா சிமோனில் தொடங்கி, செரீனா, மாயா, ஹிஜாப் அணிந்து ஒலிம்பிக்கில் வாள்வீசிய இப்திஹாஜ், எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட் என்று போய், டூபாக்கின் தாய் அஃபெனியில் முடிகிறது. பேரே இல்லாமல் பெண்களை வசைச் சொல்லால் மட்டுமே குறிப்பிட்டுப் பழகிய ஒரு கலையில், பெயர் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம்! அந்த ஆண்டு கிராமியின் சிறந்த ராப் ஆல்பப் பரிந்துரையில்கூட அது இடம்பெறவில்லை. 1996 முதல் கொடுக்கப்படும் அந்த விருதை வாங்கிய பெண்கள் 2025 வரை மூவர்: ஃபியூஜீஸ் குழுவில் ஒருவராக லாரின் ஹில், கார்டி பி, டோச்சி. விருது பெற்ற டோச்சியின் ‘அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்’ தொகுப்பில் பத்தொன்பது பாட்டு. ‘டினையல் இஸ் எ ரிவர்’ பாட்டில் அவரே மனநல ஆலோசகரின் குரலிலும் பேசித் தன்னைத் தானே விசாரிக்கிறார். ‘பூம் பாப்’ பாட்டில், அசல் ராப் பாடு என்று வற்புறுத்துபவர்களைக் கேலி செய்கிறார். ஆல்பத்துக்கு வரப்போகும் மதிப்புரைக்கு ஆல்பத்துக்குள்ளேயே பதில் எழுத வேண்டியிருக்கிறது ஒரு பெண்ணுக்கு. எந்த ஆணுக்கு அந்த வேலை இருக்கிறது?

ஓர் எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். ஹிப் ஹாப் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களின் கலை. அதன் ஆண்களைக் குறைசொல்வது வெள்ளை நிறவெறிக்கு எடுத்துக் கொடுப்பதாகிவிடும். கல்லூரி ஆசிரியை ஒருத்தி தூரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லலாமா என்பது அது. நிறவெறி இந்த இசையைப் பழிக்கப் பெண்களைச் சாக்காகப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான் அல்ல. ஹிப் ஹாப் பெண்ணியம் என்ற சொல்லை 1999இல் தன் நூலில் உருவாக்கித் தந்தவர் ஜோன் மார்கன், கறுப்பினப் பெண், இந்த இசையை நேசித்து வளர்ந்தவர். சுடப்பட்டவரும் கறுப்பினப் பெண்தான். ஒடுக்கப்பட்ட ஆணுக்காக ஒடுக்கப்பட்ட பெண் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை நமக்கும் நம் ஊர் இயக்கங்களில் கேட்டுப் பழகியதே. அதை இங்கேயும் ஏற்கவில்லை, அங்கேயும் ஏற்க வேண்டியதில்லை.

ஹிப் ஹாப் கேட்காதீர்கள் என்று நான் எந்த மாணவிக்கும் சொல்லமாட்டேன். தொடைகளைப் பற்றி மூன்று மணி நேரம் நடத்திப் புரியவைப்பதை ராப்சடியின் ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் காதுக்குள் இறக்கிவிடுகிறது. கேளுங்கள்; பாட்டுப் பாட்டாகவே கேளுங்கள். குறிப்பேட்டில் பீட், எதுகை என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்தி போடுங்கள். இதில் பேசுவது யார்? பேசப்படும் பெண்ணுக்குப் பெயரோ பதிலோ இருக்கிறதா? இதற்கு முன்னும் பின்னும் எந்தப் பாட்டு நிற்கிறது? கணக்கைக் கூட்டும்போது இவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். எட்டரை நாலரை ஆகலாம். யாரும் மதிக்காத ஆல்பம் ஒன்பதுக்கு ஏறலாம். ஆகட்டும்.

அந்த ஒரு பாட்டை மட்டும் தாண்டிவிடு என்று யாராவது சொன்னால், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள்.