லைனை நிறுத்தும் கை



ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் கம்பெனி பஸ் ஏறி இரவு ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த கையோடு, விலையுயர்ந்த இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கிறார்கள். “பட்டன் அமுக்குற வேலைதானே” என்று அவர்கள் வீட்டிலேயே சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செல்போன் சர்க்யூட் போர்டு தயாராகும் லைனைப் பாருங்கள். வெறும் போர்டின் மேல் முதலில், ஸ்டென்சில் என்ற துளையிட்ட தகட்டின் வழியே சோல்டர் பேஸ்டைத் தடவுகிறார்கள். பிறகு கடுகைவிடச் சின்னப் பாகங்களை இயந்திரம் எடுத்து வைக்கிறது. அதன்பின் போர்டு சூடான அறைக்குள் போய்ப் பேஸ்ட் உருகிப் பிடித்துக்கொள்கிறது. தடவிய பேஸ்ட் எவ்வளவு என்பதை ஒவ்வொரு போர்டுக்கும் திரை காட்டும். எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். புதிதாக வந்தவருக்குக் கை சும்மா இருக்காது. ஏறினால் ஒரு பக்கம் திருத்துவார், இறங்கினால் மறுபக்கம் திருத்துவார். அந்தச் சிறு ஆட்டம் இயந்திரத்தின் இயல்பு. அதன் பின்னாலேயே ஓடித் திருத்தினால் ஆட்டம் இன்னும் பெரிதாகும்.

ஆனால் எட்டுப் பத்துப் போர்டுகளுக்கு எண் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால், அனுமதித்த எல்லைக்குள் இருந்தாலும், ஏதோ மாறிவிட்டது என்று பொருள். ஸ்டென்சில் துளை அடைத்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம். எல்லையைத் தாண்டட்டும் என்று அப்போது காத்திருக்கக் கூடாது. கை வைக்காமல் இருக்க வேண்டிய நேரம் எது, வைத்தே தீர வேண்டிய நேரம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சாரம். அதற்கு உதவும், எண்களை வரிசையாகக் குறித்துப் பார்க்கும் கண்ட்ரோல் சார்ட்டை, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924-ல் வரைந்து கொடுத்தார்.

அதே 1924-ல் ஜப்பானில் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை உருவாக்கி முடித்தார். குறை தெரிந்த உடனே நிறுத்து என்ற அந்த எண்ணம், பின்னாளில் டொயோட்டா கார் ஆலையில் தொழிலாளியின் கைக்கு எட்டும் ஒரு கயிறாக வந்தது. இழுத்தால் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைக் கடப்பதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும்.

அந்தக் கயிற்றால் என்ன மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். 1982-ல் அதை மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து, நம்மி என்ற புதுப் பெயரில் திறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஜப்பானில் பயிற்சி கொடுத்து, கயிற்றையும் தொழிலாளர்களிடம் ஒப்படைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் தரமான ஆலைகளில் ஒன்றாக அது பேர் வாங்கியது.

நம் ஊர் மேலாளர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். வகுப்பறையில் இரண்டு நாள் பாடம் நடத்தினால் முடிவெடுக்கும் திறமை வந்துவிடாது. உங்கள் லைனிலேயே போன மாதம் ரிஜெக்ட் ஆன போர்டையும் அன்றைய சார்ட்டையும் முன்னால் வைத்து, “நீயா இருந்தா எந்த இடத்துல நிறுத்தியிருப்பே, ஏன்?” என்று கேளுங்கள். காண்ட்ராக்டில் வந்த பெண், டார்கெட் ஓடும் நடுராத்திரியில் லைனை நிறுத்தும் பட்டனை அமுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். “எதுக்கு நிறுத்தினே?” என்று அதட்டிவிட்டால், அடுத்த முறை அவள் நிறுத்த மாட்டாள். “கூப்பிட்டது நல்லதாப் போச்சும்மா” என்று தொடங்குங்கள், பொய் அலாரமாக இருந்தாலும்.

லைனில் நிற்கும் தம்பி தங்கைகளே, முதன்முதலாக நீங்கள் லைனை நிறுத்தியபோது என்ன நடந்தது? எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பேரும் கம்பெனி பேரும் இல்லாமலே பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்